மழையைத் தள்ளிவைக்க ஒரு கால் ஏக்கர்

கர்நாடகத் தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும், பெங்களூரு லால்பாக் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலின் கன்னடப் பிரதி உங்களுக்குத் தனியாக வந்து சேரும். தமிழிலும் எழுதக் காரணம், காலையில் லால்பாகில் நடக்கிறவர்களிலும், ஞாயிற்றுக்கிழமை சித்தாபுர நர்சரிகளில் தொட்டிக்குப் பேரம் பேசுகிறவர்களிலும் எங்கள் ஆட்கள் நிறைய. அவர்களும் படிக்கட்டும். பிடித்திருந்தால் என்னோடு சேர்ந்து உங்களைக் கேட்கட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். நகருக்கு வெளியே, வடக்கிலோ கிழக்கிலோ உள்ள உங்கள் துறைப் பண்ணை ஏதாவது ஒன்றில் கால் ஏக்கர் நிலம் ஒதுக்குங்கள். அங்கே மத்தியதரைக்கடல் காலநிலைத் தாவரங்களுக்கென்று சின்னதாக ஒரு தாவரவியல் தோட்டம் போடுங்கள். கண்ணாடி மாளிகை வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம், இத்தாலியச் சிலையும் நீரூற்றும் வேண்டவே வேண்டாம். ஒரு கூரை போதும். சுவர் இல்லாத கூரை. அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான் இந்தக் காலநிலை. மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள நாடுகள், கலிஃபோர்னியா, சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனைச் சுற்றிய பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும் என்று உலகத்தில் ஐந்து இடங்களில்தான் இது இருக்கிறது. ஐந்தையும் கூட்டினாலும் பூமியின் நிலப்பரப்பில் இரண்டு மூன்று சதவீதம்தான் தேறும். ஆனால் உலகத்துத் தாவர இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே குடியிருக்கிறது. கேப் பகுதியில் மட்டும் சுமார் 9,000 இனங்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேறெங்கும் கிடையாது. அந்தச் செடிகளுக்கென்றே கேப் டவுன் மலையடிவாரத்தில் 1913இல் கிர்ஸ்டன்பாஷ் தோட்டம் தொடங்கப்பட்டது. பார்சிலோனாவில் மோன்ஜுயிக் குன்றின் சரிவில் 1999இல் திறந்த தோட்டம் ஐந்து பகுதிகளின் செடிகளையும் பகுதி பகுதியாகப் பிரித்து நட்டுக் காட்டுகிறது. தாவரவியல் தோட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டால் உலகத்துச் செடிகளில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட முடியாது என்பது என் கட்சி.

பெங்களூருதான் ஏற்கெனவே மத்தியதரைக்கடல் மாதிரி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அடுக்குமாடி விளம்பரங்களில் இந்தப் பேச்சு நிறைய அடிபடும். வெப்பத்தை மட்டும் பார்த்தால் அது பொய்யுமில்லை. 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறோம். ஏப்ரலில் சராசரியாக 34 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும், ஜனவரி இரவில் 15, 16க்கு இறங்கும். இந்த வெப்பத்தில் மத்தியதரைக்கடல் செடிகளில் பலவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. இடிப்பது மழைதான். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதத்திலேயே சராசரியாக 350 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். லாஸ் ஏஞ்சலஸில் வருஷம் முழுக்கப் பெய்வதே 400க்குக் கீழேதான். சிலியின் சாந்தியாகோவும் அப்படியே.

அளவைக்கூடச் சமாளிக்கலாம், பருவம்தான் தலைகீழாக இருக்கிறது. அந்தச் செடிகள் வெதுவெதுப்பான மண்ணில் ஈரத்தை எதிர்பார்ப்பதில்லை. மண் சூடாக இருக்கும் மாதங்களில் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு கிடக்கும். குளிர் தொடங்கி மழை வந்ததும் துளிர்க்கும். நம் ஊரில் மேயில் கோடை இடியோடு மழை ஆரம்பித்தால் அக்டோபர் வரை விட்டுவிட்டுக் கொட்டுகிறது. நவம்பர் தாண்டிக் குளிர் வந்து, செடி 'இப்போது கொடு' என்று கேட்கும்போது வானத்தில் ஒன்றுமில்லை. பிப்ரவரி வரை இதே கதை.

கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். செடிகளைப் பற்றி உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் தண்ணீர், கூரை, ஜல்லி, மணல் என்று வந்தால் கொஞ்சம் கணக்குத் தெரியும். அந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

கால் ஏக்கர் என்பது சுமார் 1,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மே முதல் அக்டோபர் வரை 800 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் கூரையில் விழுவது எட்டு லட்சம் லிட்டர். சிந்தியது, சிதறியது, முதல் மழையில் கழுவி விட்டது எல்லாம் போக ஆறு லட்சம் கைக்கு வரும். நடைபாதை போகப் பாத்திகள் 500 சதுர மீட்டர் என்றால், குளிர்கால மாதங்களில் அவற்றுக்கு 300 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் கொடுக்க ஒன்றரை லட்சம் லிட்டர் போதும். 12,000 லிட்டர் டேங்கரில் வாங்கினால் பன்னிரண்டு, பதின்மூன்று லோடு. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை வெட்டினால் அதில் இரண்டு லட்சம் நிற்கும். சிமென்ட் தொட்டிகூட வேண்டாம். விவசாயிகள் கிருஷி ஹொண்டா என்று வெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறார்களே, அது போதும். கொசுவுக்கும் ஆவியாதலுக்கும் மேலே ஒரு வலைமூடி. மிச்சம் நான்கு லட்சத்தை உறிஞ்சுகுழியில் இறக்கினால் பக்கத்துப் போர்வெல்லுக்கு நல்லது.

ஆக, செடியை மழையிலிருந்து காக்கும் அதே கூரை, குளிர்காலத்துக்கு வேண்டிய தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. செப்டம்பர் மழையை டிசம்பருக்குத் தள்ளிவைக்கிறோம், அவ்வளவுதான் இந்தத் தோட்டத்தின் தொழில்நுட்பம். 2024 மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்ட ஊர் இது. அந்த மார்ச் மாதத்தில் இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீரே கேட்டிருக்க மாட்டோம். அப்போது இதற்குக் கோடை உறக்கம் தொடங்கியிருக்கும்.

மார்ச் முதல் அக்டோபர் வரை ஒரு சொட்டும் விடாமல் காயப்போட்டால் அதுவும் அதிகம்தான். சொந்த ஊரில் அவை தாங்குவது பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாத வறட்சி. ஜூலை, ஆகஸ்டில் நம் ஊர் மேகமூட்டத்தோடு குளுகுளுவென்று இருக்கிற நாளாகப் பார்த்து, அவ்வப்போது வேர் நனையக் கொடுக்கலாம். எப்போது, எவ்வளவு என்பதை மழை முடிவுசெய்யாமல் உங்கள் தோட்டக்காரர் முடிவுசெய்வார். கூரை கேட்பது அதற்காகத்தான்.

ஏன் கண்ணாடி மாளிகை வேண்டாம் என்றேன் என்றால், லால்பாகில் 1889இல் அடிக்கல் போட்ட மாளிகையைப் பார்த்துப் பழகிய ஊர் இது. வெளிநாட்டுச் செடி என்றதும் கண்ணாடிக்குள் வைக்கத்தான் கை போகும். இங்கிலாந்தில் கார்ன்வாலில் 2001இல் திறந்த ஈடன் புராஜெக்டில் மத்தியதரைக்கடல் செடிகளை மூடிய கூண்டுக்குள்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குளிரைத் தடுக்க வேண்டும். நமக்கு அந்தத் தேவையே இல்லை. இங்கே நான்கு பக்கமும் மூடினால் ஈரக்காற்று உள்ளேயே தங்கிச் சாம்பல் பூஞ்சை படரும். தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் பக்கம் ரோஜாவுக்கும் குடமிளகாய்க்கும் இரும்புக் குழாய் நட்டு 200 மைக்ரான் ஷீட் போட்டு பாலிஹவுஸ் கட்டியிருக்கிறார்களே, அதில் பக்கத்துத் திரையைக் கழற்றிவிட்டு மேலே மட்டும் விட்டால் நான் கேட்கும் கூரை. கட்டத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

லால்பாகுக்குள் இதைக் கட்டச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்த 240 ஏக்கரில் இனி ஒரு தூணும் எழும்பக் கூடாது என்று நினைக்கிற கட்சி நான். 1975ஆம் ஆண்டின் பூங்காப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.

அடுத்தது மண். இங்கேதான் நம் ஊரில் முக்கால்வாசி லாவண்டர் செத்துப்போகிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் (பெயர் வேண்டாம்) பூத்த லாவண்டர் தொட்டிகளை வரிசையாக வைத்து விற்றார்கள். தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லியும் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலேயே நான்கைந்து வீட்டில் வாங்கினோம். ஆகஸ்டில் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகித் தலைசாய்ந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரைச் சுற்றி நாற்றுக்குப் போட்ட வலைப்பை அப்படியே இருந்தது. உள்ளே முழுக்கக் கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கியது. அழுகல் வாடை வேறு. இலைக்கு மருந்து அடிக்கச் சொன்னார்கள் அதே நர்சரிக்காரர்கள். நோய் கீழே இருக்கும்போது இலைக்கு அடித்து என்ன செய்ய?

இந்த வேரழுகலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஃபைட்டாப்தோரா என்ற நுண்ணுயிர்க் குடும்பம் இருக்கும். குடகில் மிளகுக்கொடியை ஒரே மழைக்காலத்தில் வாடவைக்கிறதே, அதன் உறவுக்காரன் ஃபைட்டாப்தோரா சின்னமோமி மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா மரக் காடுகளையும் பாங்க்சியாப் புதர்களையும் ஏக்கர் ஏக்கராகக் காய வைத்திருக்கிறான். அங்கே காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் செருப்பு மண்ணைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று வழியில் கழுவுமிடம் வைத்திருக்கிறார்கள். வெண்ணெய்ப்பழ மரத்தைச் சாய்ப்பவனும் இவன்தான். வெதுவெதுப்பு, ஈரம், காற்று புகாத மண் மூன்றும் சேர்ந்தால் இவனுக்குக் கொண்டாட்டம். நம் ஊர் செப்டம்பரில் மூன்றும் இலவசம். எனவே தோட்டத்து வாசலில் ஒரு மருந்துத் தட்டு வையுங்கள், மந்திரி வந்தாலும் செருப்பை நனைத்துவிட்டுத்தான் உள்ளே.

பாத்திகள் தரையிலிருந்து இரண்டடியாவது மேடாக இருக்கட்டும். அடியில் முக்கால் அங்குல ஜல்லி, அதன் மேல் செம்மண்ணும் பேபி ஜல்லியும் மணலும் கலந்த மண். ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம், கிடைத்தாலும் வாங்கக் கூடாது, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போதும். ஆனால் லாரியில் வந்ததை அப்படியே கொட்டிவிடாதீர்கள். எம்-சாண்டில் கல்தூள் கலந்திருக்கும். ஒரு வாளியில் கால்பங்கு எடுத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் சாம்பல் நிறப் பால் மேலே வரும். அதைச் சாய்த்துவிட்டு மறுபடி, மறுபடி, தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். கழுவாமல் போட்டால் முதல் இரண்டு தண்ணீரிலேயே அந்தத் தூள் கீழே இறங்கி இறுகி, பாத்திக்கு அடியில் தளம் போட்டதுபோல் ஆகிவிடும். தண்ணீர் வடிய ஜல்லி போட்டும் பாத்தி குளமாக நிற்பதற்கு இதுதான் காரணம். டெண்டர் எழுதும்போது 'கழுவிய எம்-சாண்ட்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் கழுவ மாட்டார். அந்தப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

செம்மண்ணைச் சத்தில்லாத மண் என்று நாம் திட்டுவோம். இந்தத் தோட்டத்துக்கு அது வரம். புரோட்டியா, பாங்க்சியா, லியூக்கோடெண்ட்ரான் எல்லாம் ஒரே குடும்பம். உலகத்திலேயே மிகவும் ஏழையான மண்ணில் வளர்ந்தவை. கிடைக்கும் சொற்ப மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, உறிஞ்சுவதற்கென்றே அவற்றின் வேர் நுனியில் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி கொத்துக்கொத்தாகக் குட்டி வேர்கள் இருக்கும். பல இனங்களுக்கு உறிஞ்சுவதை நிறுத்தவே தெரியாது. மணிச்சத்து நிறைந்த டிஏபி உரம் போட்டால், எலும்புத்தூள் போட்டால், சாணத்தை அள்ளிக் கொட்டினால் இலை கருகிச் செத்துவிடும். நம்மவர்கள் பாசக்காரர்கள். செடி கொஞ்சம் வாடினால் ஒரு கைப்பிடி உரம் வைக்காமல் மனசு கேட்காது. ஆகவே அந்தப் பாத்திகளின் தலைமாட்டில் 'உரம் போடாதே' என்று கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டியிருக்கும். தண்ணீரும் போர்வெல்லில் இருந்து வேண்டாம். அந்த உப்பும் காரமும் இவற்றுக்கு ஆகாது. மழைநீரைச் சேமிக்க இன்னொரு காரணம்.

விதையை முளைக்க வைப்பது இன்னும் சுவாரசியமான வேலை. கேப் பகுதிப் புதர்க்காட்டுக்குத் தீ ஒரு பருவம் மாதிரி. பல விதைகள் புகை பட்டால்தான் கண் திறக்கும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதை 1990இல் எழுதினார்கள். 2004இல் புகையில் இருந்து அந்த வேலையைச் செய்யும் வேதிப்பொருளையே பிரித்து எடுத்துவிட்டார்கள். இப்போது புகையைத் தண்ணீரில் கரைத்து அதில் விதையை ஊறவைக்கிறார்கள். விதைச் சோளத்தை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டிய ஊர்களில் பிறந்தவர்கள் நாங்கள். அது பூச்சிக்காகச் செய்தது, முளைப்புக்காக அல்ல. ஆனாலும் விதைக்குப் புகை போடச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பாட்டி யாரும் ஆச்சரியப்பட மாட்டார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்ட இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. பாதி விதைக்குப் புகைநீர், பாதிக்கு வெறும் தண்ணீர். முடிவை அவர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் காரமாக இருக்கும். நூறு வயது ஆலிவ் மரத்தை வேரோடு பிடுங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, ரிசார்ட்டு வாசலிலும் வில்லா முற்றத்திலும் நட்டு அழகு பார்ப்பது ஒரு மோஸ்தராகிவிட்டது. உங்கள் தோட்டத்துக்கும் யாராவது நன்கொடையாக ஒன்று தர வருவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். தெற்கு இத்தாலியின் புலியா பகுதியில் 2013இல் சைலெல்லா என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். மரத்தின் தண்ணீர்க் குழாய்களுக்குள் குடியேறி அடைத்துக்கொள்ளும். சாறு உறிஞ்சும் பூச்சிகள் மரத்துக்கு மரம் கொண்டுபோகும். லட்சக்கணக்கான ஆலிவ் மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. மருந்து இன்றுவரை இல்லை. இது ஆலிவோடு நிற்கிற நோயும் அல்ல. அரளி, பாதாம், ரோஸ்மேரி எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. காப்பியும் உண்டு, திராட்சையும் உண்டு. சிக்கமகளூரும் குடகும் காப்பியை நம்பி இருக்கிற மாநிலத்தின் தோட்டக்கலைத் துறைக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதி வாங்கி, சான்றிதழோடு விதையாக மட்டும் வரட்டும். விதையில் இருந்து வளர்த்தால் பத்து வருஷம் ஆகும் என்பார்கள். ஆகட்டுமே. ஹைதர் அலி 1760இல் லால்பாகைத் தொடங்கியபோது அடுத்த மாதம் நிழல் வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. தாவரவியல் தோட்டத்தின் வேலி வழியாகத் தப்பி ஓடிய செடிகளால் இந்த நாடு பட்டது போதும். இன்று பந்திப்பூர் காட்டையே அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்ததுதான். ஊட்டிப் புல்வெளிகளில் ஆஸ்திரேலிய வாட்டில் மரமும், ஐரோப்பாவின் மஞ்சள்பூப் புதர்களான ஸ்காட்ச் புரூமும் கோர்ஸும் பரவிக் கிடக்கின்றன. உங்கள் மாநிலமே 2017இல் யூகலிப்டஸ் நடத் தடை போட்டது. அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு இனமும் முதல் இரண்டு மூன்று வருஷம் தனிப் பாத்தியில், பூவை விதையாகும் முன் கிள்ளி, காவலில் இருக்கட்டும். கூரைக்கு வெளியே, வெறும் மழையில் ஒன்று தானாக முளைத்துச் செழித்தது என்றால் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தச் செடியைத்தான் முதலில் பிடுங்க வேண்டும்.

அப்புறம் என்னதான் நடலாம் என்று கேட்பீர்கள். முழுப் பட்டியலை உங்கள் ஆட்கள் போடட்டும், நான் ஆசைப்படுவதை மட்டும் சொல்கிறேன். ரோஸ்மேரியும் பல்பல்லான இலையுள்ள டென்டாட்டா லாவண்டரும் முதலில். இரண்டும் நம் ஊரில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பிரெஞ்சுப் படத்தில் வயல்வயலாகத் தெரிகிற அங்குஸ்டிஃபோலியா லாவண்டருக்கு நல்ல குளிரும் நீண்ட பகலும் வேண்டும். பார்சிலோனாவில் ஜூன் மாதப் பகல் பதினைந்து மணி நேரம். நமக்கு மிஞ்சிப்போனால் பதின்மூன்றைத் தொடாது. அதை நட்டுவிட்டு ஊதா வயல் என்று போஸ்டர் அடிக்க வேண்டாம். ஆலிவும் வளரும், ஆனால் குளிர் போதாமல் பூக்காமலே இருந்துவிடலாம். கேப் பகுதிக் கிழங்குச் செடிகளான ஃப்ரீசியா, லாக்கனேலியா போன்றவற்றைத் தொட்டியில் வையுங்கள்; உறக்க காலத்தில் தூக்கிக்கொண்டுபோய் ஷெட்டில் வைக்க வசதி. நடுவில் சிலி நாட்டுத் தேன்பனை ஒன்று. அது முழு வளர்ச்சிக்கு வருவதை நாம் யாரும் பார்க்கப் போவதில்லை.

உள்ளூர்ச் செடிகளே அழியும்போது வெளிநாட்டுச் செடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சண்டை இல்லை. அவர்களுக்காகக் கூரைக்கு வெளியே ஒரு நீண்ட பாத்தி கேட்கிறேன். லாவண்டர் இனத்தில் தக்காணத்துச் சொந்தக்காரர்களே இரண்டு இருக்கிறார்கள்: பைபின்னாட்டாவும் கிப்சோனியும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் தக்காணக் குன்றுகளிலும் யாரும் கவனிக்காமல் பூத்துக்கொண்டிருப்பவை. அவற்றுக்கு நம் மழை பழக்கம். கூரைக்குள் வெளியூர் லாவண்டர், கூரைக்கு வெளியே உள்ளூர் லாவண்டர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காலநிலை என்றால் என்ன என்று பலகை எழுதி விளக்கத் தேவையில்லை. அதேபோல நரிவெங்காயம். எங்கள் பக்கத்து வறண்ட கரட்டில் கோடையில் இலையே இல்லாமல் ஒற்றைத் தண்டு எழுந்து பூக்கும். இலை மழைக்குப் பிறகுதான். அதே பேரினத்து மத்தியதரைக்கடல் வெங்காயமும் இலையில்லாமல்தான் பூக்கிறது, ஆனால் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள், அந்த ஊர் மழைக்கு முன்னால். இருவரும் அவரவர் மழைக்கு முன்னால் பூவைக் காட்டிவிடுகிறார்கள். இரண்டையும் எதிரெதிரே நட்டுவிடுங்கள்.

அரளிக்குத் தனி இடம் வேண்டும். தர்மபுரி, சேலம் பக்கம் ஏக்கர்கணக்கில் போட்டு விடிகாலையில் மொட்டுப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். நெடுஞ்சாலை நடுவில் அதுதான் பூத்து நிற்கிறது. கோயில் நந்தவனத்தில் அது இல்லாமல் இல்லை. அதே செடி மத்தியதரைக்கடல் நாடுகளில் வறண்ட ஓடைகளின் கரையில் தானாக நிற்கிறது. கூரை வேண்டாம், கணக்கு வேண்டாம்; இரண்டு காலநிலையிலும் கால் வைத்திருக்கிற செடி.

நான் மிகவும் ஆசைப்படும் பாத்தி வேறு. எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் சீரகம், சோம்பு, வெந்தயம், கொத்தமல்லி. நான்குமே மத்தியதரைக்கடலைச் சுற்றியும் அதை ஒட்டிய மேற்கு ஆசியாவிலும் பிறந்தவை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் சீரகத்தை நவம்பர் வாக்கில் விதைத்து வெயில் ஏறுவதற்குள் அறுத்துவிடுகிறார்கள். குளிரில் முளைத்து, கோடை வருவதற்குள் விதையாகிவிடுவதுதான் இந்தச் செடிகளின் பிறவிப் பழக்கம். அதை மாற்றாமல் அப்படியே நாம் சாகுபடி செய்கிறோம். தீபாவளி கழிந்து இந்த நான்கையும் ஒரு பாத்தியில் விதைத்துவிட்டால் மாசி, பங்குனியில் விதையோடு நிற்கும். ரசத்துக்குத் தினமும் சீரகம் தட்டிப்போடும் எத்தனை பேர் சீரகச் செடியைப் பார்த்திருக்கிறோம்? ஒரு சாண் உயரம், நூல் மாதிரி இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. பார்க்கிறவர்கள் இதுவா என்பார்கள். கசகசாவையும் சேர்க்கலாம்தான், அதுவும் அந்தப் பக்கத்துப் பிறவி. ஆனால் அதை வளர்க்க மத்திய அரசின் போதைப்பொருள் உரிமம் வேண்டும், அதுவும் மூன்று மாநிலங்களில்தான் தருகிறார்கள். விட்டுவிடுவோம்.

வேலைக்கு ஆள் பற்றியும் ஒரு வார்த்தை. கரகம் எடுக்கும் திகளர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரின் தோட்டக்காரர்கள். சித்தாபுரத்தில் இன்றும் செடியைத் தொட்டுப் பார்த்தே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடும் கைகள் இருக்கின்றன. நிபுணர் குழு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; அந்தக் குழுவில் அவர்களில் இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போடும் உரிமையோடு நாற்காலி கொடுங்கள். தண்ணீர்க் குழாயை எப்போது மூட வேண்டும் என்பதை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கையில் சொல்ல முடியாது.

மூன்று குளிர்காலம் நேரம் கொடுங்கள். முதல் வருஷம் பாதி செடி சாகும். எது, எந்த மாதம், எதனால் செத்தது என்பதை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிவையுங்கள். செத்ததை மறைத்து ராத்திரியோடு ராத்திரியாகப் புதுத் தொட்டி வைக்கிற பழக்கம் இந்தத் தோட்டத்தில் வேண்டாம். மாடியில் நான்கு தொட்டி வைத்திருக்கிற எங்களுக்கு அந்தக் கரும்பலகைதான் பூவைவிடப் பயன்படும்.

குட்டை வெட்டும் வேலையை மேக்குள் முடித்துக் கூரையைப் போட்டுவிட்டால் அந்த வருஷ மழையையே பிடித்துவிடலாம். மேட்டுப்பாத்திகளை ஜூலை, ஆகஸ்டில் கூரைக்கு அடியில் நிதானமாகப் போடலாம். நவம்பரில் முதல் விதை. வரைபடமும் பொருள் கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன், கன்னடப் பிரதியோடு இணைத்திருக்கிறேன். எந்தப் பண்ணை என்று மட்டும் நீங்கள் சொன்னால், மண்வாட்டம் பார்க்க என் மட்டப்பலகையோடு வந்து நிற்கிறேன். கூலி வேண்டாம், மதியச் சாப்பாடு போதும்.

இப்படிக்கு,
ஜெயநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்